நாய் குரைத்ததும் மறைத்த விளம்பரமும், மரிங்கா ஊற்றின் கோபுரமும்

அனுப்புநர்:
ஐரீன் நக்கமரா,
ஒளிபரப்பு அறைப் பொறுப்பாளர்,
மரிங்கா ஊற்றுக் குடியிருப்பு,
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழி, வடக்குப் பிரதேசம்.

பெறுநர்:
உயர்திரு. குமன்ஜாய் ஹார்கிரீவ்ஸ் அவர்கள்,
இயக்குநர், டிஜிட்டல் தொலைக்காட்சி மாற்றப் பிரிவு (தொலைதூரக் குடியிருப்புகள்),
கான்பெர்ரா.

பொருள்: எங்கள் ஊர்த் தொலைக்காட்சிக் கோபுரத்தை அணைக்காமல் டிஜிட்டலுக்கு மாற்றிக்கொள்ள உரிமம் வேண்டுதல் மற்றும் ஊரிலிருந்து விண்ணப்பங்கள் வராத காரணத்தைத் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 14 அக்டோபர் 2013.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் தங்கள் பெயரைக் குறித்து ஒரு விளக்கம். மேலே "குமன்ஜாய்" என்று இருப்பது தட்டச்சுப் பிழை அல்ல. பழங்குடியினராகிய எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பெயரைக் குறிப்பிட்ட காலம்வரை வாயால் சொல்ல மாட்டோம், கையால் எழுதவும் மாட்டோம். அவரையும், அதே பெயரோடு உயிருடன் இருப்பவர்களையும் அந்தக் காலம் முடியும்வரை குமன்ஜாய் என்றே அழைப்போம். கடந்த மார்ச் மாதம் காலமான என் மருமகனுக்கும் தங்களுக்கும் ஒரே பெயர். தங்கள் கடிதத்தின் அடியில் தாங்கள் பேனாவால் எழுதியிருந்த பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டித்தான் அதைக் கோப்பில் வைத்திருக்கிறேன். இதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் ஏற்கெனவே மூன்று குமன்ஜாய்கள் இருக்கிறார்கள். தாங்கள் நான்காமவர்.

2. வருகிற டிசம்பர் 10 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் என்றும், அதற்குள் ஒவ்வொரு வீடும் விண்ணப்பித்தால் இலவசமாக டிஷ்ஷும் பெட்டியும் பொருத்தித் தரப்படும் என்றும், எங்கள் ஊரின் நாற்பத்தொரு வீடுகளில் பள்ளித் தலைமையாசிரியர் வீடும் மருத்துவமனைச் செவிலியர் வீடும் மட்டுமே விண்ணப்பித்துப் பொருத்திக்கொண்டிருப்பதால் மற்ற வீடுகளுக்கான பொருத்துநர் குழுவின் பயணம் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்றும் தங்கள் கடிதம் கூறுகிறது. நாளொன்றுக்குப் பதினான்கு முறை விளம்பரம் செய்தும் "குடியிருப்பு மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

3. பதினான்கு முறை என்பது சரியான எண்ணிக்கை. அதற்கு நானே சாட்சி. மார்ச் மாதம் முதல் அந்த விளம்பரத்தை நாளொன்றுக்குப் பதினான்கு முறையும் மறைத்தவள் நான்தான். ஆர்வம் இல்லாமற்போனது என்ற பழியை என் ஊர் சுமக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

4. எங்கள் ஊரில் கடைக்குப் பின்புறம் ஒரு தகர அறையும், அதன்மேல் ஒரு கோபுரமும் இருக்கின்றன. செயற்கைக்கோளிலிருந்து வரும் இரண்டு அலைவரிசைகளை அந்த அறை வாங்கிக் கோபுரம் வழியாக ஊருக்கு அனுப்புகிறது. வீடுகளில் கூரைமேல் ஓர் ஆன்டெனா போதும். அறையில் ஒரு சுவிட்சு உண்டு. அதை ஒருபுறம் தள்ளினால் சிட்னியும் மெல்போர்னும் வரும். மறுபுறம் தள்ளினால் நாங்கள் எதை ஓடவிடுகிறோமோ அது வரும்: பள்ளி விளையாட்டு, பேருந்து வரும் நேரம், இறுதிச் சடங்கு அறிவிப்பு. சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே தங்கிவிட்ட எங்கள் ஒன்பது பேர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடியோவில் பேசி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதைப் போடுவோம். அந்த நேரத்தில் கடைக்காரர் கடையை மூடிவிடுவார், வாங்க ஆள் வராது.

5. அந்த அறையை நானும் என் மருமகன் குமன்ஜாய் ஜங்காலாவும் பதினோரு ஆண்டுகள் நடத்தினோம். எங்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை, எதிரெதிரே நிற்பதில்லை, முகம் பார்ப்பதில்லை. பகையல்ல, மரியாதை. அதனால் அந்தத் தகர அறைக்கு இரண்டு கதவுகள். காலை முழுவதும் நான். ஒரு மணிக்கு நான் கிழக்குக் கதவால் வெளியேறிய பிறகு அவர் மேற்குக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். "மதியம் வருபவருக்கு" என்று நான் எழுதுவேன். "காலையில் வருபவருக்கு" என்று அவர் எழுதுவார். அவர் முகம் எனக்குத் தெரியாது என்றே சொல்லலாம், அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். நான் டேப்பில் பெயர் ஒட்ட மறந்தால் "காலையில் வருபவருக்கு: இந்த டேப்பில் திருமணம் என்று எண்ணிப் போட்டேன், பல் தேய்ப்பது எப்படி என்று வந்தது. ஊரார் இரண்டையும் ரசித்தார்கள்" என்று எழுதியிருப்பார்.

6. சென்ற ஆண்டு நவம்பரில் தங்கள் பிரிவுக்காக விளம்பரம் எடுக்க ஒரு குழு இங்கு வந்து அவரைத் தேர்ந்தெடுத்தது. படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு நான் போகக் கூடாதாகையால் போகவில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். அவருக்கு இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்களாம். மூன்று முறை கொட்டு ஒலிக்கும். பிறகு அவருடைய நாய் குரைக்கும். அது கதையில் இல்லாத குரைப்பு, ஆனால் படக்குழுவின் இயக்குநருக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டாராம். குரைத்த கையோடு அவர் ரிமோட்டைத் தூக்கிக் காட்டி, பின்னால் எனக்குத் தெரியவந்தபடி, ஒரு தேதியைச் சொல்லி, "நாங்க தயார், நீங்க தயாரா?" என்று கேட்பார்.

7. பிப்ரவரி நடுவில் விளம்பரம் வரத் தொடங்கியது. அது வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், மற்றபடி ஊரே பார்த்தது. ஆனால் பார்த்தது நீலச் சட்டையை. என் கணவர் ஜபல்ஜாரி கடைவாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவரையெல்லாம் "நீங்க தயாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதற்குத் தயார் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று வாரம் சிரித்தார்கள். மார்ச் 9, சனிக்கிழமை, குமன்ஜாய்க்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவ விமானம் இறங்குவதற்குள் போய்விட்டார். வயது முப்பத்தெட்டு.

8. எங்களில் ஒருவர் இறந்தால் அவர் படத்தையும் குரலையும், குடும்பத்தார் சரி என்று சொல்லும்வரை, யாரும் காட்டக் கூடாது. துக்கத்தில் இருக்கும் தாய் முன்னால் இறந்த மகன் திடீரென்று வந்து சிரித்துக்கொண்டு நின்றால் அவள் என்ன ஆவாள் என்பதைத் தாங்களே நினைத்துப் பார்க்கலாம். அன்று மாலையே அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவருடைய நேரமும் இனி என் நேரமானது. விளம்பரம் வரும்போதெல்லாம் சுவிட்சைத் தள்ளி, மழைக்குப் பின் நிறைந்திருக்கும் எங்கள் நீர்நிலையின் படத்தைப் போட்டேன். முப்பது விநாடி கழித்து மீண்டும் சுவிட்சைத் தள்ளினேன். சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.

9. மாமியாராகிய நான் மட்டும் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால் அறையிலிருந்த சிறிய திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காதால் வேலை செய்தேன். மூன்று கொட்டு. நாய் குரைக்கும். அந்தக் குரைப்பில் என் கை போகும். அதற்குப் பின் வரும் ஒரு சொல்லையும் நான் கேட்டதில்லை. அந்த நாய் இப்போது என் காலடியில்தான் படுக்கிறது. அதுவும் தன் குரைப்புக்கு ஒவ்வொரு முறையும் காதைத் தூக்கும். இவ்வாறு, விளம்பரத்தை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை கையாண்டவளாகிய எனக்கே அதில் ஒரு தேதி இருப்பது தெரியாமற்போயிற்று.

10. ஒரே ஒரு முறை தவறியது. மே மாதத்தில் எனக்குச் சர்க்கரை பார்க்கச் செவிலியர் அழைத்தார். ஜபல்ஜாரியை உட்காரவைத்து, நாய் குரைத்ததும் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். தெருவில் வேறொரு நாய் குரைத்ததற்கு அவர் தள்ளிவிட்டார். தவறு தெரிந்து திருப்பியபோது சரியான குரைப்பு வந்துவிட்டது. குமன்ஜாயின் தாயார் நபங்கார்டியின் வீட்டிலிருந்து எழுந்த அழுகைச் சத்தம் மருத்துவமனைவரை கேட்டது. அவர்கள் வீட்டார் தொலைக்காட்சியைத் தூக்கி முற்றத்தில் வைத்துத் துணிபோட்டு மூடிவிட்டார்கள். ஜபல்ஜாரி மூன்று நாள் கடைவாசல் பக்கமே போகவில்லை. வாய் ஓயாத மனிதர் வீட்டுக்குள் கிடந்ததே ஊருக்கு ஒரு செய்தியாயிற்று. அதன்பின் நான் அந்த நாற்காலியை யாருக்கும் விட்டதில்லை.

11. தொலைக்காட்சியில் பார்க்காவிட்டால் என்ன, துண்டுப் பிரசுரம் அனுப்பினோமே, ரேடியோவிலும் சொன்னோமே என்று தாங்கள் கேட்கலாம். பிரசுரத்தின் அட்டையில் நீலச் சட்டையோடு அவர்தான். தபால் கட்டு வந்த அன்றே கடைக்காரர் மேலட்டையைப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டார். சுவரொட்டிமேல் பழைய காலண்டரை ஆணி அடித்து மாட்டினார். ரேடியோ விளம்பரத்தில் வந்ததும் அவர் குரலேயாகையால் அதையும் நிறுத்தினோம். தங்கள் பிரிவு எங்களிடம் சொல்ல நினைத்த அத்தனையையும் அவர் வாயாலேயே சொல்லியிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தீர்கள், ஊர்க்காரன் சொன்னால் ஊர் கேட்கும் என்று. கேட்டிருக்கும், ஐயா, அவர் இருந்திருந்தால்.

12. பள்ளித் தலைமையாசிரியர் திருமதி கிரிட்ச்லி மே மாதத்தில்தான் இங்கு வந்தார். கணினி வழியாக விண்ணப்பித்த அவருக்கு அக்டோபரில் பெட்டி வந்தது. கடையில் வைத்து உங்களுக்கெல்லாம் எப்போது வருகிறது என்று அவர் சாதாரணமாகக் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. என் கணவர் வழக்கப்படி, "டிவி போனா போகட்டும் விடு. ஏழு மாசமா அந்த அறையையே கட்டிக்கிட்டு அழுறியே, இனிமேலாவது உன் புருஷன் மூஞ்சிய பாரு" என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ஊரை இருட்டில் வைத்தவள் நானே என்று அன்றுதான் புரிந்தது.

13. அடுத்த வாரம் தங்கள் கடிதம் வந்தது. அதை மகள் நுங்கராயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கணவனை இழந்தவள் துக்கம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. அவள் கைச்சைகையால்தான் பேசிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு, புத்தகம் விரிப்பதுபோல இரு கையையும் விரித்துக் காட்டினாள். நோட்டைத் திறந்து பார் என்றாள். இறந்தவரின் பொருட்களெல்லாம் வழக்கப்படி அகற்றப்பட்டுவிட்டன. அந்த நோட்டு மட்டும் ஒளிபரப்பு அறையின் பதிவேடு என்பதால் துணியில் சுற்றி வைத்திருந்தேன். நபங்கார்டியிடம் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு அவிழ்த்தேன். மார்ச் 8, வெள்ளிக்கிழமை, கடைசிப் பக்கம். அதை அப்படியே கீழே தருகிறேன்:

"காலையில் வருபவருக்கு: என் விளம்பரத்தில் ஒரு தேதி சொல்கிறேன், ஊர் என் சட்டையைத்தான் பார்க்கிறது. டிசம்பரில் கோபுரத்தை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டால் நம் சுவிட்சு எதையும் மறைக்காது, வெள்ளிக்கிழமையும் வராது. இதே கோபுரத்தில் டிஜிட்டல் கருவி வைக்கலாம் என்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மெக்கானிக் சொல்கிறார். உரிமம் கேட்டு எழுத வேண்டும். என் ஆங்கிலம் சரிவராது, உங்கள் எழுத்துதான் அதிகாரிகளுக்குப் புரியும். திங்களன்று நுங்கராயிடம் விவரம் சொல்லி அனுப்புகிறேன்."

திங்கள் அவருக்கு வரவில்லை. எட்டு மாதத் தாமதத்துடன் நான் எழுதும் இந்த மனு, அவர் எழுதச் சொன்ன மனுதான்.

14. வீட்டுக்கு வீடு டிஷ் வேண்டாம் என்று ஏன் கேட்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் தெளிவாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருமதி கிரிட்ச்லியின் வீட்டில் பார்த்தேன், வானிலை சொல்பவரின் பல் இடுக்குகூடத் தெரிகிறது. ஆனால் அந்த வழியில் வரும் படம் கான்பெர்ராவிலிருந்து நேரே நபங்கார்டியின் வீட்டுக்குள் போய்விடும். இடையில் யாருடைய கையும் இருக்காது. இறந்தவர் குமன்ஜாயோடு முடிந்துவிடவும் இல்லை. எங்கள் ஆட்கள் செய்திகளில் வருகிறார்கள், கால்பந்தில் வருகிறார்கள், மருத்துவ விளம்பரங்களில் வருகிறார்கள், அவர்களில் எவரும் எந்த நாளும் இறக்கலாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் ஒன்பது பேரும் தங்கள் பேரப்பிள்ளைகள் முகத்துக்கு நேராகப் பேசுவதற்கு எங்கள் கோபுரம் தவிர வேறு வழியில்லை. அவர்களில் மிகவும் நலிந்திருக்கும் இருவருக்கு, கோபுரம் அணையக்கூடும் என்பதைச் சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

15. விளம்பரத்தை மறைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளையே அப்படி ஒன்று நேர்ந்தால் மறுபடியும் மறைப்பேன். மறைப்பது இன்னதென்று விசாரிக்காமல் மறைத்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், தங்களிடமும் என் ஊரிடமும்.

16. எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை முடிந்துவிட்டன. கோபுரத்தை மெக்கானிக் ஏறிப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது ஆண்டு நிற்கும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் (இணைப்பு 1). அறைக்கும் மின்சாரத்துக்கும் வட்டார மன்றம் ஒப்புதல் தந்திருக்கிறது (இணைப்பு 2). வேறொரு ஊருக்கு வாங்கிப் பயன்படாமல் கிடக்கும் டிஜிட்டல் கருவியைத் தர ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலுள்ள ஊடகச் சங்கம் இசைந்திருக்கிறது (இணைப்பு 3). நவம்பர் 27, புதன்கிழமை அதை ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கின் லாரி வருகிறது, இரண்டு நாளில் பொருத்திவிடலாம் என்கிறார். உரிமம் கையில் இல்லாமல் அவர் ஒரு திருகாணியையும் தொட மாட்டார், அது சட்டம் என்கிறார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவர் வருவது மார்ச் மாதத்தில்தான். கருவியோடு பழைய தொலைக்காட்சியில் பொருத்தும் சிறிய பெட்டிகள் மட்டும் வீட்டுக்கு ஒன்று தேவைப்படும். டிஷ் வேண்டாம். அந்தப் பெட்டிகள் தங்கள் கிடங்கில் இருப்பதாகத் தங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கமே கூறுகிறது.

17. நாற்பத்தொரு வீடுகளின் கையெழுத்தும் இணைப்பு 4-இல் இருக்கிறது. டிஷ் ஏற்கெனவே பொருத்திக்கொண்ட திருமதி கிரிட்ச்லியும் செவிலியரும்கூடக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பட்டியலில் குமன்ஜாய் என்ற பெயர் மூன்று இடங்களில் வரும். ஒருவருக்கு அறுபது வயது, ஒருவர் போலீஸ் உதவியாளர், ஒருவர் தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர். தங்கள் கணினி மூவரையும் ஒருவராக்கி ஒரே பெட்டி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூவருக்கும் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாது.

18. ஆகவே நான் வேண்டுவது மூன்று. கோபுரத்தை டிஜிட்டலில் இயக்கும் உரிமப் படிவத்தில் (இணைப்பு 5) தாங்கள் கையெழுத்திட்டு நவம்பர் 27-க்குள் கிடைக்கச் செய்ய வேண்டும். தபால் விமானம் வெள்ளிக்கிழமை மட்டுமே வருவதால் 22-ஆம் தேதி விமானத்தில் அது இருக்க வேண்டும், அல்லது பள்ளியின் ஃபேக்ஸுக்கு வர வேண்டும். அந்த ஃபேக்ஸில் காகிதம் இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது, நாற்பத்தொரு சிறிய பெட்டிகள். மூன்றாவது வேண்டுகோள் எந்தப் படிவத்திலும் அடங்காது, அதனால் தனியாக எழுதுகிறேன்.

19. கடந்த வியாழக்கிழமை நபங்கார்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளின் வாயைத் தொட்டு அவளுடைய மௌனத்தை முடித்துவைத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். கரகரத்திருந்தது. முதலில் தண்ணீர் கேட்டாள். பிறகு கோபுரம் என்னவாயிற்று என்றாள். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்த விளம்பரம் டிசம்பர்வரை வந்துகொண்டேதான் இருக்கும், மறைத்துக்கொண்டேதான் இருப்பேன் என்றேன். நபங்கார்டி, "என் மவன் மூஞ்சிய எவ்வளவு நாளைக்குத்தான் தண்ணிக்குள்ள வெச்சிருப்பீங்க?" என்றார். நான் போடும் நீர்நிலைப் படத்தைச் சொன்னார். பதிலை மகள்தான் சொன்னாள்:

"அம்மா, அவரு அங்க நின்னுக்கிட்டு 'நீங்க தயாரா'ன்னு கேட்டுட்டே இருக்காரு. நாம ஒருத்தரும் பதில் சொல்லல. புதுக் கருவி வந்து சுவிட்சும் நம்ம கையிலயே இருந்தா, மொத நாளு அதையே போடு. ஒரே ஒரு தடவ. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பதில் சொல்லிடுவோம். அப்புறம் அவரு நிம்மதியாப் போகட்டும்."

நபங்கார்டி மறுப்புச் சொல்லவில்லை. "நீலச் சட்டை அவனுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

20. ஆதலால் மூன்றாவது வேண்டுகோள், அந்த விளம்பரத்தின் ஒரு பிரதி. தங்கள் பிரிவின் வேலை முடிந்ததும் அது எங்கோ ஓர் அலமாரிக்குப் போய்விடும். அதற்கு முன் ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். உறையின்மேல் அவர் பெயரும் படமும் இல்லாதிருப்பது நல்லது. பழையது நின்று புதியது தொடங்கும் டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணிக்கு அதைப் போட எண்ணியிருக்கிறோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அன்று சிகிச்சை இல்லை, பேருந்து ஏற்பாடு செய்திருக்கிறோம். நபங்கார்டி முற்றத்தில் கிடந்த தொலைக்காட்சியைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டார். ஜபல்ஜாரி கடைவாசலில் மறுபடியும் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். இம்முறை "தயார்" என்று பதில் சொல்லும் ஒத்திகை. அவரை அடக்க என்னால் முடியவில்லை, அடக்கவும் மனமில்லை.

21. நான் அன்று அறையில்தான் இருப்பேன். சிறிய திரை சுவரைப் பார்த்தபடியே இருக்கும். மாமியார் மருமகனை நேரே பார்ப்பது முறையல்ல, கடைசி நாளிலும் அது மாறாது. மூன்று கொட்டு ஒலிக்கும், நாய் குரைக்கும். அப்போது என் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவர் என்ன சொல்கிறார் என்பதை முதன்முறையாக நான் கேட்கப்போகிறேன். அதற்குத் தங்கள் கையெழுத்து ஒன்றுதான் குறை. அன்புகூர்ந்து இட்டு அனுப்புங்கள். துக்கக் காலம் முழுதும் முடிந்த பின் எழுதும் நன்றிக் கடிதத்தில் தங்கள் சொந்தப் பெயரை முழுமையாக எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

நாள்: 11 நவம்பர் 2013
இடம்: மரிங்கா ஊற்று

பதிலை எதிர்பார்த்து, சுவிட்சின் அருகிலிருந்து,

(ஒப்பம்)
ஐரீன் நக்கமரா
காலையில் வருபவர்

இணைப்புகள்: ஐந்து.